பேட்டைக் கதை – 17: கண்ணும் சீசாவும்

சென்ற இதழில் சேலம் மார்க்கெட் ரயில் நிலையத்தில், மூட்டைகள் இறங்கும் இடத்தில் கதையை நிறுத்தியிருந்தேன். இறங்கிய சரக்கு இப்போது செவ்வாய்ப்பேட்டை மண்டிகளுக்குள் போய்விட்டது. போன சரக்கை யார் பார்த்தார்கள்? எதை வைத்து "இது நல்லது, இது ஆகாது" என்று சொன்னார்கள்? இந்த இதழில் அதைப் பார்ப்போம். முக்கியமான பாத்திரங்கள் இரண்டு. ஒன்று, மண்டிக்காரரின் கண். மற்றொன்று, சுகாதார ஆய்வாளரின் தோல்பையில் கிடக்கும் கண்ணாடிச் சீசா.

கை பார்த்த காலம்

செவ்வாய்க்கிழமை கூடிய சந்தையால் பேர் பெற்ற பேட்டை இது. சட்டம் எட்டிப் பார்ப்பதற்கு முன்பே இங்கே சோதனை இருந்தது. செய்தவர் அதிகாரி அல்ல, வாங்க வந்தவர். பருப்பு மூட்டையை அவிழ்க்கவே வேண்டாம். குத்தூசியைச் சாக்கின் நடுவயிற்றில் செருகி இழுத்தால் ஒரு பிடி பருப்பு உருண்டு வரும். உள்ளங்கையில் பரப்பி ஓர் ஊது. தூசு பறந்தால் ஒரு விலை, கல் தங்கினால் ஒரு விலை. மஞ்சள் கிழங்கை ஒடித்து முறிவின் நிறம் பார்ப்பார்கள். மிளகாய் வற்றலைக் காதருகே ஆட்டி விதை குலுங்குகிறதா என்று கேட்பார்கள். வெல்லத்துக்கு மூன்று சோதனை: உடைத்தால் முறிவு எப்படி இருக்கிறது, நாக்கில் வைத்தால் கரிக்கிறதா, நிறம் என்ன.

இந்த மூன்றும் சமமாக நிற்கவில்லை. ஏலத்தில் சிப்பம் சிப்பமாக வெல்லம் அடுக்கிக் கிடக்கும்போது ஒவ்வொன்றையும் உடைத்து ருசி பார்க்க யாருக்கு நேரம்? எட்ட நின்றே தெரிவது நிறம் ஒன்றுதான். ஆகவே விலை போய் நிறத்தின் மேல் உட்கார்ந்துகொண்டது. இளமஞ்சள் வெல்லம் முதல் விலைக்குப் போனது, பழுப்பு அடுத்த விலைக்கு. கறுத்தது கடைசியில் நின்றது. இந்த வழக்கத்தைக் கொஞ்சம் மனத்தில் முடிந்து வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரப்போகும் வம்புக்கெல்லாம் வித்து இங்கேதான் இருக்கிறது.

வீட்டிலும் ஒரு சோதனைச்சாலை உண்டு. பொங்கல் வைக்கும் எந்த வீட்டிலும் வெல்லத்தை அப்படியே பானையில் போடமாட்டார்கள். தண்ணீரில் கரைத்து, ஒரு கொதி விட்டு, துணியில் வடிகட்டி, அடியில் தங்கிய மண்ணைக் கொட்டிய பிறகுதான் பாகு. வடிகட்டிய துணியில் மண்ணும் கரும்புச் சக்கைத் துணுக்கும் ஒட்டியிருப்பதைச் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். பல வருடம் கழித்து உணவுக் கலப்படத் தடை விதிகளைப் புரட்டியபோது, வெல்லத்தில் நீரில் கரையாத பொருளும் அந்நியப் பொருளும் 2 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது என்ற வரி கண்ணில் பட்டது. எனக்கு அந்த வடிதுணி ஞாபகம் வந்தது. அடுக்களையில் அம்மா துணியில் வடித்துப் பார்த்ததைத்தான் சட்டம் தராசில் நிறுத்துப் பார்க்கிறது.

நகராட்சியின் மூக்கு

1866இல் சேலம் நகராட்சி ஆனது. அந்தக் காலத்துச் சுகாதாரம் பெரும்பாலும் மூக்கை நம்பியது. நாற்றம் எங்கேயோ நோய் அங்கே என்பதுதான் நம்பிக்கை. சாக்கடை, குப்பை, ஆடு வெட்டும் கொட்டில், மீன் அங்காடி என்று நாறும் இடங்களைத் தேடித்தான் நகராட்சி போனது. மணக்கும் இடத்தில் அதற்கு வேலை இல்லை. மண்டியில் ஏலக்காய் மூட்டைக்குப் பக்கத்தில் கிடந்த சரக்கில் என்ன கலந்திருக்கிறது என்று கேட்க அதற்கு அப்போது ஆளும் இல்லை, கருவியும் இல்லை.

1917இலிருந்து 1919 வரை சேலம் நகராட்சித் தலைவராக இருந்தவர் ராஜாஜி. அந்த இடைவெளியில்தான், 1918இல், சென்னை மாகாணத்துக்கென்று ஒரு கலப்படத் தடுப்புச் சட்டம் பிறந்தது. இரண்டுக்கும் முடிச்சுப் போட வரவில்லை. தெருவிளக்கும் சாக்கடையும் மட்டுமல்ல, தட்டில் விழுவதும் ஊராட்சியின் பொறுப்பு என்ற எண்ணம் வேர்விட்ட காலம் எது என்று காட்டத்தான் சொல்கிறேன். 1920இல் மாவட்ட நகராட்சிகள் சட்டமும், 1939இல் சென்னைப் பொதுச் சுகாதாரச் சட்டமும் வந்தன. இரண்டாவது சட்டம் இந்தியாவிலேயே முதன்முதலாக வந்த முழுமையான பொதுச் சுகாதாரச் சட்டம் என்று பேர் வாங்கியது.

1920ஆம் ஆண்டுச் சட்டம் கடைக்காரர்கள் நாக்கில் ஒரு சொல்லை விட்டுச் சென்றது. செவ்வாய்ப்பேட்டையில் வயதான கடைக்காரரிடம் "ஓட்டலுக்கு என்ன லைசென்ஸ் வாங்கியிருந்தீங்க?" என்று கேட்டால், யோசிக்காமல் "டி அண்டு ஓ" என்பார். விரித்துத் தமிழில் சொன்னால், 'ஆபத்தும் அருவருப்பும் தரும் தொழில்களுக்கான உரிமம்'. தோல் பதனிடுகிறவரும் செங்கல் சூளைக்காரரும் இட்லி சுடுகிறவரும் ஒரே அட்டவணையில் வரிசையாக நின்றார்கள். புகை, கரி, கழிவுநீர், நாற்றம் என்று பார்த்த மூக்குக்கு மூன்றும் ஒரே ஜாதி. ஓட்டல்காரர்கள் வருஷா வருஷம் பணம் கட்டிப் புதுப்பித்தார்கள். அந்த இரண்டு எழுத்துக்கு என்ன பொருள் என்று தெரிந்திருந்தால் சிலர் கோபித்துக்கொண்டிருப்பார்கள்.

சுகாதார ஆய்வாளரை ஊர் 'சானிட்டரி இன்ஸ்பெக்டர்' என்றே அழைத்தது. அவர் பார்த்தது இடத்தை. தண்ணீர்த் தொட்டிக்கு மூடி இருக்கிறதா, வடைத் தட்டின் மேல் கண்ணாடிப் பெட்டி உண்டா, சாக்கடை ஓடுகிறதா தேங்குகிறதா, எச்சில் டம்ளரை ஒரே வாளித் தண்ணீரில் காலையிலிருந்து முக்கி எடுக்கிறார்களா என்றெல்லாம் பார்த்தார். அழுகிய பழத்தையும் கெட்ட மீனையும் பறிமுதல் செய்து அழிக்கும் அதிகாரம் அவருக்கு இருந்தது. ஆனால் பாலில் கலந்த தண்ணீர் நாறாது. நெய்யில் கலந்த வனஸ்பதி நெய்யாகவே மணக்கும். மஞ்சளுக்கு மெருகேற்றப் பூசிய ஈயக் குரோமேட் அசல் மஞ்சளைவிட அழகாக இருக்கும். இங்கே மூக்கும் தோற்றது, கண்ணும் தோற்றது.

சீசா வந்த வழி

இந்த இடத்தில் ஒரு நிமிடம் கடல் கடந்து போய் வர வேண்டும். 1858இல் இங்கிலாந்தில் பிராட்ஃபோர்டு என்ற ஊரில் சந்தையில் விற்ற மிட்டாயைத் தின்று ஏறக்குறைய 20 பேர் செத்தார்கள். 200 பேர் வரை படுத்தார்கள். சர்க்கரை விலை அதிகம் என்பதால் மிட்டாயில் சுண்ணாம்புக் கல் மாவு போன்ற ஒன்றைக் கலப்பது அங்கே வழக்கம். அன்று கலக்கப் போன மாவுக்குப் பதில் மருந்துக்கடையிலிருந்து தவறிப்போய் வந்தது ஆர்சனிக். விஷம் கலந்தது தவறுதான். ஆனால் மாவு கலப்பது அன்றாடம் நடந்தது என்பதுதான் ஊரை உலுக்கியது. 1860இல் ஒரு கலப்படச் சட்டம் வந்தது, அதற்குப் பல்லில்லை. 1875இல் வந்த சட்டம்தான் ஒரு புதிய தந்திரத்தைக் கொண்டுவந்தது: ஆய்வாளர் வாங்கிய சரக்கை மூன்று பங்காகப் பிரி. ஒன்று பகுப்பாய்வாளருக்கு, ஒன்று கடைக்காரருக்கு, ஒன்று கைவசம்.

சுதந்திர இந்தியா 1954இல் உணவுக் கலப்படத் தடைச் சட்டத்தை இயற்றி, 1955 ஜூன் 1இல் அமலுக்குக் கொண்டுவந்தபோது இந்த மூன்று பங்கும் கூடவே வந்தது. நகராட்சியின் சுகாதார அலுவலர் பிற்பாடு 'உள்ளூர் சுகாதார அதிகாரி' ஆனார். பயிற்சி பெற்ற சானிட்டரி இன்ஸ்பெக்டர் 'உணவு ஆய்வாளர்' ஆனார். அவர் பைக்குள் சீசா ஏறியது.

சாம்பிள் எடுக்கும் சடங்கு

1980களில் ஒரு முற்பகல் என்று வைத்துக்கொள்ளுங்கள். விதிகள் எழுதியபடியே நடந்தால் காட்சி இப்படித்தான் போகும்.

"வாங்க சார், உக்காருங்க. டேய், சாருக்கு டீ சொல்லு."

"டீயெல்லாம் வேண்டாங்க. வெல்லத்துல சாம்பிள் எடுக்கணும்."

தராசுக்காரர் கை அப்படியே நிற்கும். பக்கத்துக் கடைக்காரருக்குத் திடீரென்று பேங்க் வேலை ஞாபகம் வரும், ஏனென்றால் ஆய்வாளர் அடுத்துக் கேட்கப்போவது சாட்சிக்கு ஓர் ஆள் என்று அவருக்குத் தெரியும். ஆய்வாளர் முதலில் நீட்டுவது ஆறாம் படிவம்: உங்கள் சரக்கைப் பகுப்பாய்வுக்கு எடுக்கிறேன் என்ற அறிவிப்பு. அடுத்து அவர் பர்ஸைத் திறப்பார்.

"காசு எதுக்குங்க சார்? சும்மா எடுத்துக்கங்க."

"அப்படி எடுக்க முடியாதுங்க. நான் வாங்கினாத்தான் நீங்க வித்ததா ஆகும்."

இது விளையாட்டுப் பேச்சு இல்லை. அந்தச் சட்டத்தில் 'விற்பனை' என்ற சொல்லுக்கான விளக்கத்திலேயே, பகுப்பாய்வுக்காக விற்பதும் விற்பனை என்று எழுதியிருந்தது. ஊரில் என்ன விலையோ அந்த விலை கொடுத்து, ரசீது வாங்கிக்கொள்வார். ஆய்வாளரும் அந்த ஒரு நிமிடத்துக்கு வாடிக்கையாளர்தான்.

பிறகு வெல்லத்தை மூன்று பங்காக்கி, சுத்தமான, ஈரமில்லாத மூன்று சீசாக்களில் போடுவார். பாலாக இருந்தால் கெடாமலிருக்க ஃபார்மலின் சொட்டு விடுவார், வெல்லத்துக்கு அது தேவையில்லை. மூடியை இறுக்கி, சீட்டு ஒட்டி, கெட்டித் தாளில் பொதிவார். உள்ளூர் சுகாதார அதிகாரி கையெழுத்தும் எண்ணும் உள்ள ஒரு காகிதப் பட்டையை அடியிலிருந்து தலைவரை சுற்றி ஒட்டுவார். கடைக்காரர் அதில் கையெழுத்துப் போட வேண்டும், அதிலும் ஒரு கணக்கு உண்டு: கையெழுத்தில் பாதி பட்டையிலும் பாதி பொதிந்த தாளிலும் விழ வேண்டும். பட்டையைப் பிரித்து வேறு சீசாவுக்கு மாற்றினால் கையெழுத்து உடைந்து காட்டிக்கொடுத்துவிடும். அதன் மேல் நூல் கயிறு. முடிச்சுகளில் அரக்கு உருக்கி, குறைந்தது நான்கு இடத்தில் முத்திரை தெளிவாக விழும்படி அழுத்துவார். மண்டிக்குள் வெல்ல வாசனையை மீறி அரக்குப் புகை கிளம்பும். கூலிக்காரர்கள் எட்ட நின்று வேடிக்கை பார்ப்பார்கள்.

ஒரு சீசா பகுப்பாய்வாளருக்குப் போகும். முத்திரையின் அச்சு தனி உறையில் தனியாகப் போகும். வந்த சீசாவின் முத்திரையும் உறையில் வந்த முத்திரையும் ஒன்றா என்று அவர் ஒத்துப் பார்த்த பிறகுதான் உடைப்பார். மற்ற இரண்டு சீசாவும் உள்ளூர் சுகாதார அதிகாரியின் காவலில் இருக்கும்.

இரண்டுமே அவரிடமா என்று கேட்கலாம். முதலில் அப்படி இல்லை. 1875ஆம் ஆண்டு ஆங்கிலச் சட்டம் போலவே நம் சட்டமும் ஒரு பங்கைக் கடைக்காரரிடமே கொடுத்துவந்தது. 1976இல் செய்த திருத்தம் அதைப் பிடுங்கிக்கொண்டு, பதிலுக்கு வேறு உரிமையைக் கொடுத்தது: பகுப்பாய்வு அறிக்கையின் நகல் கிடைத்த 10 நாளுக்குள் நீதிமன்றத்துக்கு மனுப் போட்டால், காவலில் இருக்கும் இரண்டாவது சீசா மத்திய உணவு ஆய்வகத்துக்குப் போகும். அங்கிருந்து வரும் முடிவே இறுதி. எனக்கு இந்தச் சடங்கில் பிடித்தது இதுதான். கடைக்காரர் ஏமாற்றக்கூடும் என்று சட்டம் நினைக்கிறது. ஆய்வாளரும் ஏமாற்றக்கூடும் என்று அதே மூச்சில் நினைக்கிறது. இருவரையும் நம்பாமல் அரக்கை நம்புகிறது.

ஆனால் சடங்கு கனத்தால் ஒரு சங்கடம் உண்டு. 1964 திருத்தத்துக்குப் பிறகு கலப்படத்துக்குக் குறைந்தபட்சத் தண்டனையே 6 மாதச் சிறையும் 1,000 ரூபாய் அபராதமும். 1976இல், உயிருக்கே உலைவைக்கும் கலப்படத்துக்கு ஆயுள் சிறை வரை ஏறியது. தண்டனை ஏற ஏற, வக்கீல்கள் சரக்கைப் பற்றி வாதாடுவதை விட்டுவிட்டு அரக்கைப் பற்றி வாதாடத் தொடங்கினார்கள். முத்திரை மங்கலா, சாட்சி சொந்தக்காரனா, சீசா ஈரமா என்றுதான் கேள்வி. டெல்லி மாநகராட்சி நடத்திய ஒரு தயிர் வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. வழக்குப் போடப் பல மாதம் தாமதித்ததில் கடைக்காரர் பங்குத் தயிர் கெட்டுப்போய், மத்திய ஆய்வகத்தால் எதையும் சொல்ல முடியவில்லை. தன்னைக் காத்துக்கொள்ளும் வழி அவருக்கு அடைபட்டுவிட்டது என்று நீதிமன்றம் விடுதலையை உறுதிசெய்தது. மண்டிகளில் இந்த மாதிரித் தீர்ப்புகள் வேகமாகப் பரவும். "கேஸ் நிக்காதுங்க" என்ற சொல் அன்றைய வழக்கு.

வெளுத்ததெல்லாம்

இப்போது முடிந்து வைத்த முடிச்சை அவிழ்ப்போம். நிறத்துக்கு விலை.

ஓமலூர், காடையாம்பட்டி வட்டாரத்துக் கொட்டகைகளிலிருந்து வெல்லம் செவ்வாய்ப்பேட்டை மண்டிக்கு வரும். நாமக்கல் பக்கம் ஜேடர்பாளையம், கபிலர்மலைக் கரும்பு பிலிக்கல்பாளையம் ஏலத்துக்குப் போகும். கொப்பரையில் சாறு கொதிக்கும்போது மேலே திரளும் அழுக்கை எடுக்கச் சுண்ணாம்புத் தெளிவு, வெண்டைச் செடியின் கொழகொழப்புச் சாறு என்று பழைய கைப்பக்குவங்கள் உண்டு. அப்படிச் செய்தால் வரும் வெல்லம் பழுப்பாகத்தான் இருக்கும். ஏலத்தில் பழுப்புக்கு விலை குறைவு. ஆகவே சாயப்பட்டறையில் புழங்கும் சோடியம் ஹைட்ரோசல்ஃபைட், கொட்டகைப் பேச்சில் 'ஹைட்ரோஸ்', கொப்பரைக்குள் வந்தது. ஒரு கை போட்டால் கறுத்த பாகு கண்முன்னே மஞ்சளாகும். விவசாயம் செய்தவனும் காய்ச்சியவனும் விஷம் வைக்க நினைக்கவில்லை. கண் கேட்டதைக் கொடுத்தார்கள்.

அந்த அழகும் நிலைக்காது. ஹைட்ரோஸ் போட்ட வெல்லம் கொஞ்ச நாள் இருப்பில் கிடந்தால் மறுபடி கறுக்கத் தொடங்கும். ஏல நாள் வரை தாங்கினால் போதும் என்பதுதான் கணக்கு. சீசா இங்கே சரியாகப் பிடித்தது. வெல்லத்தில் கந்தக டை ஆக்சைடு பத்து லட்சத்தில் 70 பங்குக்கு மேல் போகக் கூடாது என்பது விதி. வெளுத்த முகத்துக்குப் பின்னால் இருந்த கந்தகத்தைப் பகுப்பாய்வாளர் எண்ணாக்கிக் காட்டிவிடுவார்.

இதே கதை ஜவ்வரிசியிலும் நடந்தது. இரண்டாம் உலகப் போரில் கிழக்காசியச் சரக்கு நின்றபோது, 1943இல், சேலம் வணிகர் மாணிக்கம் செட்டியார், பினாங்கு அனுபவமுள்ள போபட்லால் ஷாவுடன் சேர்ந்து மரவள்ளியிலிருந்து ஜவ்வரிசி செய்யத் தொடங்கினார். அசல் சேகோ ஒரு பனைவகை மரத்தின் மாவு. நம்முடையது நம் ஊர்க் குச்சிக்கிழங்கு. அப்படியானால் சேலத்து ஜவ்வரிசியே கலப்படமா? பிற்பாடு உணவு விதிகள் இதற்கு நேராகப் பதில் எழுதின: சேகோ என்பது சேகோ பனையின் மாவிலிருந்தோ மரவள்ளிக் கிழங்கிலிருந்தோ செய்த சிறு மணி. ஒரு 'ஓ'காரத்தில் ஒரு மாவட்டத்தின் தொழில் சட்டத்துக்குள் வந்தது. 1981இல் ஆலைக்காரர்களின் கூட்டுறவாக சேகோசர்வ் அமைந்தது. 2023இல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது.

ஆனால் வட இந்தியாவில் விரத நாளில் இதைத் தின்கிறவர்கள் கேட்டது வெள்ளை முத்து. மாவு இயல்பில் சற்று மங்கல். வெளுப்பானும் அமிலமும் தொட்டிக்குள் இறங்கின. கிழங்கு விலை ஏறிய வருடங்களில் மக்காச்சோள ஸ்டார்ச்சும் கூடச் சேர்ந்தது. சேலம், நாமக்கல் ஆலைகளில் அதிகாரிகள் திரும்பத் திரும்பப் போய் நின்றதற்குக் காரணம் இந்த வெள்ளை.

சீசாவுக்குத் தெரியாதது

எல்லாம் சீசாவில் பிடிபட்டுவிட்டால் கதை இங்கே முடிந்திருக்கும். வெல்லத்துக்கான அளவுகோலைப் பாருங்கள். மொத்தச் சர்க்கரை 90 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. சுக்ரோஸ் 60 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. 'குறையக் கூடாது' என்றுதான் இருக்கிறது, 'கூடக் கூடாது' என்று இல்லை. சர்க்கரை விலை வெல்ல விலைக்குக் கீழே இறங்கும் மாதங்களில் ஒருவர் கொப்பரையில் மூட்டை மூட்டையாக வெள்ளைச் சர்க்கரையைக் கொட்டுகிறார் என்றால், சுக்ரோஸ் ஏறத்தான் செய்யும். இந்த இரண்டு எண்ணிலும் அந்த வெல்லம் முதல் மார்க் வாங்கித் தேறிவிடும். வாங்குகிறவர் கரும்புச் சாற்றுக்குக் கொடுத்த காசில் அஸ்கா சர்க்கரையை வாங்கிக்கொண்டு போவார்.

சீசாவால் பார்க்க முடியாததைப் பார்க்க வேண்டுமானால் கொட்டகைக்கே போக வேண்டும். கொப்பரைக்குப் பக்கத்தில் சர்க்கரை மூட்டை எதற்கு? ஹைட்ரோஸ் டப்பா எதற்கு? கரும்பு அரைக்கும் ஆலை ஓடாத நாளில் அடுப்பு மட்டும் ஏன் எரிகிறது? இந்தக் கேள்விகளுக்கு ஆய்வகம் தேவையில்லை, நேரில் போய் நிற்கும் ஆள் தேவை. பழைய சானிட்டரி இன்ஸ்பெக்டர் இடத்தைப் பார்த்த பழக்கம் மறுபடி தேவைப்பட்டது.

அதற்கான சட்டம் 2006இல் எழுதப்பட்டு 2011 ஆகஸ்ட் 5இல் அமலானது: உணவுப் பாதுகாப்பு மற்றும் தரங்கள் சட்டம். பெயரிலேயே மாற்றம் தெரியும். பழைய சட்டத்தின் பெயரில் 'கலப்படம்' இருந்தது, புதியதில் 'பாதுகாப்பு'. தமிழ்நாட்டில் உள்ளாட்சியின் கையிலிருந்த வேலை மாநில அரசின் தனித் துறைக்குப் போனது. 1994இல் மாநகராட்சியாகிவிட்ட சேலத்தின் சுகாதாரப் பிரிவு தெருவையும் கொசுவையும் பார்த்துக்கொள்ள, உணவுப் பாதுகாப்பு அலுவலர் என்ற புதிய பேர் மண்டிக்கு வந்தது. அவருக்கு மேலே மாவட்ட நியமன அலுவலர். மூன்று பங்கு நான்கானது: நான்காவதைக் கடைக்காரர் கேட்டால் அவர் செலவில் அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்துக்கு அனுப்பலாம். பகுப்பாய்வாளர் 14 நாளில் அறிக்கை தர வேண்டும். சேலத்திலேயே அரசின் உணவுப் பகுப்பாய்வுக் கூடம் இருப்பதால் சீசா இப்போது வெளியூருக்கு ரயில் ஏற வேண்டியதில்லை.

சிறைக்கும் விடுதலைக்கும் நடுவே வேறு படிகளும் வந்தன. தரம் குறைந்தது, தவறான லேபிள், பாதுகாப்பற்றது என்று மூன்றாகப் பிரித்தார்கள். முதல் இரண்டும் மாவட்ட வருவாய் அலுவலர் முன் அபராத வழக்காகப் போகும்: தரம் குறைந்ததற்கு 5 லட்சம் வரை, லேபிள் தவறுக்கு 3 லட்சம் வரை. உடம்பைக் கெடுப்பது மட்டும் நீதிமன்றத்துக்குப் போகும். கடை அழுக்காக இருந்தால் எடுத்த எடுப்பில் பூட்டுப் போட முடியாது. முன்னேற்ற அறிவிப்புக் கொடுத்து, குறைந்தது 14 நாள் அவகாசம் தந்து, சரிசெய்யாவிட்டால்தான் உரிமத்தில் கை வைக்கலாம். தண்ணீர், வடிகால், பூச்சி, ஊழியரின் நகம், வருடாந்திர மருத்துவச் சோதனை எல்லாம் நான்காம் அட்டவணையில் வரிசையாக இருக்கின்றன. பழைய 'டி அண்டு ஓ' பார்த்ததைத்தான் இதுவும் பார்க்கிறது. ஆனால் இட்லிக்கடைக்காரரைத் தோல் பதனிடுகிறவர் பக்கத்தில் நிறுத்தவில்லை.

வணிகர்கள் சும்மா இருக்கவில்லை. பெட்டிக்கடைக்கும் பதிவு, தள்ளுவண்டிக்கும் பதிவு என்றதும் தமிழ்நாடு முழுக்கக் கொதித்தார்கள். மளிகைக்காரர் கேட்ட கேள்வியில் நியாயம் இருந்தது: "மூட்டையா வாங்கி மூட்டையா விக்கிறேன். உள்ள இருக்கிறதுக்கு நான் எப்படிங்க பொறுப்பு?" பதிவுக்கான கெடு ஒருமுறையல்ல, வருடக் கணக்கில் திரும்பத் திரும்பத் தள்ளிப்போனது. மெல்லத்தான் அந்த 14 இலக்க எண் கடைச் சுவர்களில் சட்டம் போட்டு மாட்டப்பட்டது.

மார்கழிக் காட்சி

இப்போதெல்லாம் பொங்கலுக்கு முந்தைய வாரங்களில் செவ்வாய்ப்பேட்டை வெல்ல மண்டிக்குள் அதிகாரிகள் நுழையும் செய்தி வருவது ஏறக்குறைய மாமூல் ஆகிவிட்டது. சிப்பங்களைப் பிரிப்பார்கள், மாதிரி எடுப்பார்கள், சந்தேகச் சரக்கைத் தனியே அடுக்கிக் கட்டுவார்கள், கொண்டுவந்தவர் எந்தக் கொட்டகை என்று எழுதுவார்கள், மறுநாள் அந்தக் கொட்டகைக்குப் போவார்கள். பறிமுதல் செய்திக்குக் கூட வரும் புகைப்படத்தை நீங்கள் கவனித்திருக்கலாம். அதில் கிடக்கும் வெல்லம் பார்க்க அவ்வளவு அழகாக இருக்கும். பளிச்சென்று, சீராக, பொன் வார்த்த மாதிரி.

அந்த அழகுதான் குற்றப்பத்திரிகை. நூறு வருடம் முதல் விலை வாங்கிய நிறம் இன்று அதிகாரியை முதலில் அந்தப் பக்கம் திருப்புகிறது. கண் அதே கண்தான், படித்த பாடம் மாறியிருக்கிறது. கடைத்தெருவிலும் அந்த மாற்றம் தெரிகிறது. "கொஞ்சம் கறுப்பா இருக்கிறதே குடுங்க" என்று கேட்கிற வாடிக்கையாளரைச் சேலம் லீ பஜார் கடைக்காரர்கள் இப்போது விசித்திரமாகப் பார்ப்பதில்லை.

கடைசியாக ஒரு செய்தி. சாம்பிள் எடுப்பது அதிகாரியின் தனிச்சொத்து என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். 1954ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே வாங்குகிறவர் யாரும் தன் சரக்கைப் பகுப்பாய்வாளரிடம் கொடுக்கலாம் என்று இருந்தது. இப்போதைய சட்டத்தில் அது 40ஆவது பிரிவு: வாங்கும்போதே கடைக்காரரிடம் சொல்லிவிட்டு, கட்டணம் கட்டிக் கொடுத்தால் போதும், சரக்கில் தப்பு இருந்தால் கட்டிய பணமும் திரும்பி வரும். மண்டியின் முதல் ஆய்வாளர் வாங்க வந்தவர்தான் என்று தொடக்கத்தில் சொன்னேன். சட்டமும் அவருடைய இடத்தை அவருக்கே விட்டுவைத்திருக்கிறது. அடுத்த தை மாதம் வடிதுணியில் மண்ணைப் பார்க்கும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

(தொடரும்)

அடுத்த இதழில்: சிப்பத்தைத் தூக்கியவர்கள் – மண்டிச் சுமைக்கூலியின் கதை.